புஷ்பக்குக்கு எந்த இறக்கை: மிலிட்டரி டிஸ்போசலா, அமெரிக்க உபரியா, நம் ஊர்த் தச்சுப் பட்டறையா?

பழைய புஷ்பக் விமானம் ஒன்றின் உடல் கையில் இருக்கிறது. இறக்கைகள் மட்டும் உளுத்துப் போயிருக்கின்றன. ராணுவ உபரியாக ஏலத்தில் வரும் இறக்கையை வாங்கி மாட்டலாமா, அமெரிக்காவிலிருந்து பழைய ராணுவ இறக்கை ஒரு ஜோடி தருவிக்கலாமா, இருப்பதையே பிரித்துத் திரும்பக் கட்டலாமா? மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் மூவர் இந்தக் கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். இன்னொருவர் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்றாமவருக்குத் தகப்பனார் வழியில் வந்த விமானப் பித்து. நான் விமானப்படையில் விமானத்தின் உடலையும் இறக்கையையும் பழுதுபார்க்கும் ஏர்பிரேம் பிட்டராக இருந்து, பிறகு ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் துணி போர்த்திய சிறு விமானங்களோடு காலம் தள்ளிவிட்டு ஊரோடு வந்தவன். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வியை நான்தான் கேட்டேன். இந்த விமானம் பறக்க வேண்டுமா, நின்றால் போதுமா? ஆலைக்காரருக்குப் பறக்க வேண்டும். ஆசிரியருக்கு, மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி ஒரு கூடத்தில் நின்றால் போதும். மூன்றாமவர், “இப்போதைக்கு நிற்கட்டும், பிற்பாடு பறக்க விடலாம்” என்றார். இருப்பதிலேயே ஆபத்தான பதில் அதுதான். காட்சிக்குத்தானே என்று எவருடைய இறக்கையையோ கொண்டுவந்து, சேராத துளையை டிரில் போட்டு அகலப்படுத்தி, சந்துக்கு வாஷர் அடுக்கி மாட்டிவிடுவார்கள். மேலே புதுத் துணியும் பெயின்டும் ஏறியபின் உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது. சில வருடம் கழித்து வேறொருவர் அதை விலைக்கு வாங்கி, நம்பி, எஞ்சினை முடுக்குவார். நிற்கிற விமானம் என்று முடிவு செய்தால் அது நிற்கிற விமானம் என்பதை லாக்புக்கிலும் உடல் மீதும் அழியாமல் எழுதிவிட வேண்டும்.

புஷ்பக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: பெங்களூரில் அன்றைய ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் கட்டிய இரண்டு இருக்கை விமானம். 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலில் பறந்தது. 90 குதிரைத்திறன் கொண்ட காண்டினென்டல் எஞ்சின், 36 அடி இறக்கை வீச்சு, கிளம்பும்போது அதிகபட்ச எடை 1,350 பவுண்ட், அதாவது சுமார் 612 கிலோ. நாட்டின் பறக்கும் கழகங்களுக்காக நூற்றைம்பதுக்கும் மேல் கட்டினார்கள். அந்தத் தலைமுறை விமானிகளில் பலருக்குக் கைப்பழக்கம் வந்தது இதில்தான். உடல் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கூடு. இறக்கையில் நீளவாக்கில் சுமை தாங்கும் மர உத்திரமான ஸ்பார், அதன் குறுக்கே வடிவம் தரும் அலுமினிய விலா எலும்பான ரிப், மேலே துணி. இதன் மூதாதை அமெரிக்காவின் ஏரோன்கா சீஃப். இந்த வம்சாவளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் எல்லாமே இதில்தான் வந்து நிற்கப் போகிறது.

ராணுவ உபரி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது டிஸ்போசல் ஜீப். போருக்குப் பிறகு ஏலத்தில் வந்த ஜீப்புகள் ஊர் ஊராக ஓடின. ஒரு வண்டியின் ஆக்சிலை இன்னொன்றுக்குப் போட்டார்கள், கியர்பாக்ஸை மாற்றினார்கள், ஓடியது. ராணுவப் பொருள் என்றால் கெட்டியானது, மலிவானது என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. ஆலைக்காரரும் அந்த நம்பிக்கையோடுதான் பேசினார். ஜீப்பில் ஆக்சில் உடைந்தால் வண்டி சாலையோரம் நிற்கும். இறக்கையில் அந்தச் சலுகை கிடையாது.

வெளிநாட்டில் ராணுவ உபரி இறக்கையைப் பழைய விமானத்துக்குப் போட்டுப் பறக்கிறார்களே என்று கேட்கலாம். பறக்கிறார்கள், ஆனால் எந்த விமானத்துக்கு எதை என்று கவனிக்க வேண்டும். பைப்பர் ஜே-3 கப் என்ற மஞ்சள் விமானத்தை ராணுவம் எடுத்து எல்-4 என்று பெயர் வைத்தது. ஜன்னலைக் கூட்டி, பச்சை வண்ணம் அடித்தார்களே தவிர அடிப்படையில் அதே விமானம். ஆகையால் போர் முடிந்ததும் எல்-4கள் அப்படியே சிவில் ஜே-3 ஆகிவிட்டன. எல்-4 இறக்கை ஜே-3க்குப் போவது சொந்த வீட்டுக்குள் போவது. பின்னாளில் சூப்பர் கப்பின் ராணுவ வடிவமான எல்-21 உபரிக்கு வந்தபோது அதன் இறக்கைக்கும் கிராக்கி இருந்தது. எல்லாக் கப்களுக்கும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம் யுஎஸ்ஏ-35பி என்ற ஒன்றே. ஆனாலும் அதை ஜே-3க்கு மாட்டும் மாற்றமே சுலபமானதல்ல. ஜே-3யின் பெட்ரோல் தொட்டி மூக்கில், விமானிக்கு முன்னால் இருக்கிறது. சூப்பர் கப்புக்கு இறக்கைகளுக்குள் இருக்கிறது. இறக்கையை மாற்றினால் பெட்ரோல் குழாய்கள் மாறும், இறங்கும்போது தாழ்த்தும் பின்விளிம்பு மடலான பிளாப் இருந்தால் அதற்கு ஒரு கைப்பிடியும் கம்பியும் வேண்டும், எடைக் கணக்கு முழுவதும் திரும்பப் போட வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே வம்சம், ஒரே வடிவம் என்று இருந்தும் இவ்வளவு.

எனவே உபரி இறக்கையை எடைபோட நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றுதான்: அந்த ராணுவ விமானத்துக்குச் சிவிலில் ஓர் இரட்டைப் பிறவி உண்டா? உண்டு என்றால் வரைபடம், எடை வரம்பு, பரிசோதனைக் கட்டளை எல்லாம் சிவில் ஆவணங்களில் கிடைக்கும். இல்லை என்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வரலாறு தெரியாத உலோகமும் மரமும்தான்.

இந்தக் கேள்வியோடு கிருஷக்கைப் பார்ப்போம். ஆலைக்காரர் மனம் வைத்திருந்தது இதன்மேல்தான், காரணமும் நியாயமானதே. கிருஷக் என்பது புஷ்பக்கைப் பெரிதாக்கிச் செய்த விமானம். 1959 நவம்பரில் முதல் மாதிரி பறந்தது. கொஞ்ச காலம் கேட்பாரற்றுக் கிடந்து, பிறகு ராணுவத்தின் பீரங்கிப் படைக்குக் கண்காணிப்பு விமானம் தேவைப்பட்டபோது 1965 முதல் சேவைக்கு வந்தது. 68 கட்டினார்கள். எழுபதுகளின் நடுவில் சீட்டா ஹெலிகாப்டர்கள் அதன் இடத்தைப் பிடித்தன. இறக்கை வீச்சு 11.43 மீட்டர், புஷ்பக்குக்கு 10.97. அரை மீட்டர்கூட வித்தியாசமில்லை, அண்ணன் தம்பி, ஒரே பட்டறை. வாங்கி மாட்டினால் என்ன?

எடையைப் பாருங்கள். கிருஷக்கின் அதிகபட்ச எடை 1,270 கிலோ, புஷ்பக்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எஞ்சின் 225 குதிரைத்திறன். அந்த எடையைத் தூக்குவதற்கென்று செய்த இறக்கையை 90 குதிரைத்திறன் விமானத்தின் மீது வைப்பது குருவி தலையில் பனங்காய். இறக்கை கெட்டியாக இருந்தால் விமானமும் கெட்டியாகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். இறக்கை தூக்கும் சுமை எங்கே போகிறது? மேலே கூரையோரம் உள்ள இரண்டு பிட்டிங்குகள், அதாவது எஃகு இணைப்புகள், வழியாகவும், இறக்கையைக் கீழிருந்து தாங்கும் சாய்வுக் குழாயான ஸ்ட்ரட் வந்து சேரும் பிட்டிங் வழியாகவும் உடலின் குழாய்க் கூட்டுக்குள் இறங்குகிறது. அந்தப் பிட்டிங்குகள் புஷ்பக்குடையவை. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கி ஆவதொன்றுமில்லை. அதோடு இறக்கை கனத்தால் அந்தக் கனம் இரண்டு ஆட்களுக்கும் பெட்ரோலுக்கும் ஒதுக்கிய எடையில் கழியும். புஷ்பக்கின் வெற்று எடை சுமார் 395 கிலோ. மிச்சம் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் கிலோவில்தான் விமானி, மாணவர், எரிபொருள் எல்லாம். அதில் கைவைத்தால் ஒற்றை ஆள் விமானம்தான் மிஞ்சும்.

ஏலத்தில் வாங்குவதன் இயல்பையும் சொல்ல வேண்டும். அரசுத் துறைகளின் கழிவுப் பொருள் எம்எஸ்டிசி நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் வருகிறது. இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ராணுவம் ஒரு பொருளைக் கழிவு என்று தள்ளும்போது அது பறக்கத் தகுதியானது என்று எந்தச் சான்றும் தருவதில்லை. தள்ளியதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான். அந்த இறக்கை எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போதாவது நுனி தரையில் இடித்ததா, ஸ்பாரில் ஒட்டு உண்டா என்று சொல்லும் லாக்கார்டு கூட வராது. காட்சிக்கு வைக்கும் கிருஷக் உடல் ஒன்று யாரிடமாவது இருந்தால் அவர் அந்த இறக்கையை அவசியம் வாங்க வேண்டும். புஷ்பக் வைத்திருப்பவர் வாங்க வேண்டாம். ஆசிரியரின் கூடத்துக்குக்கூட வேண்டாம். மாணவர்கள் பார்த்துப் படிக்கப் போவது தப்பான விமானத்தை.

ஆஸ்டர் பற்றியும் ஒருவர் பேச்சை எடுத்தார். 1947 ஆகஸ்டில் சுதந்திர இந்தியாவின் முதல் வான் கண்காணிப்புப் பிரிவு தொடங்கியபோது இருந்த விமானம் ஆஸ்டர்தான். இங்கிலாந்தில் பீகிள் நிறுவனம் ராணுவம் கழித்த ஆஸ்டர்களை வாங்கித் திருத்தி டெரியர் என்ற பெயரில் விற்றதும் உண்மை. ஆனால் அவர்கள் முழு விமானத்தை எடுத்து முழு விமானமாகத் திருத்தினார்கள். ஆஸ்டர் இறக்கையின் வடிவம் வேறு, ஸ்ட்ரட் சேரும் இடம் வேறு. புஷ்பக்குக்கு அது அயலார் வீடு. அடுத்ததற்குப் போவோம்.

பேச வேண்டிய உபரி இறக்கை எல்-16. ஏரோன்கா நிறுவனம் போருக்குப் பிறகு இரண்டு விமானங்களைச் சேர்த்தே வடிவமைத்தது. சேம்பியன் என்ற விமானத்தில் இருவர் முன்பின்னாக உட்காருவார்கள். சீஃபில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். செலவைக் குறைக்க, இரண்டுக்கும் பெரும்பகுதி உதிரிபாகங்கள் பொதுவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இறக்கையின் குறுக்குவெட்டு இரண்டிலும் என்ஏசிஏ 4412. சேம்பியனின் வீச்சு 35 அடிச் சொச்சம், சீஃபுடையது 36 அடிச் சொச்சம். இடையில் உள்ள ஓரடியில் பெரும்பங்கு சீஃபின் அகலமான உடல். இந்தச் சேம்பியனை ராணுவம் எடுத்து எல்-16 என்று பெயர் வைத்தது; இரண்டு வகையும் சேர்த்து அறுநூறு சொச்சம் கட்டினார்கள். ராணுவ சேவை முடிந்ததும் பல எல்-16கள் அமெரிக்காவின் சிவில் ஏர் பேட்ரோல் என்ற தொண்டர் அமைப்புக்குப் போயின, பிறகு தனியார் கைக்கு வந்தன. சிவிலில் இரட்டைப் பிறவி உண்டு, அச்சான ஆவணம் உண்டு. சீஃபின் வாரிசு புஷ்பக். ஆக, தாயாதி உறவு.

காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான உபரி இறக்கை கிடையாது. நானே கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்று சொல்லலாம். ஒரு பக்கத்து இறக்கை பதினாறு பதினேழு அடி நீளம்; இருபதடிக் கன்டெய்னருக்குள் சாய்த்து வைத்தால் அடங்கும். தூத்துக்குடியிலோ சென்னையிலோ இறக்கி லாரியில் கொண்டுவரலாம்.

சிக்கல் மூன்று. ஒன்று, எடை. சேம்பியனின் அடிப்படை வகைக்கு அங்கீகாரம் 1,220 பவுண்ட் வரைதான், புஷ்பக்குக்கு 1,350. பின்னால் வந்த 7ஈசி வகைக்கு 1,450 வரை கொடுத்தார்கள் என்பதால் அந்தக் குடும்பத்து இறக்கைக்கு அந்த அளவு எட்டாததல்ல. ஆனால் எந்த ஸ்ட்ரட்டோடு, எந்தப் பிட்டிங்கோடு கொடுத்தார்கள் என்பதைப் பொறியாளர் ஒருவர் வரைபடம் வைத்து நிறுவ வேண்டும். ஊகம் செல்லாது. இரண்டு, அளவு. பெங்களூரில் கட்டியபோது பிட்டிங்குகளின் இடைவெளியும், விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலான ஏலெரானின் கம்பி வெளிவரும் இடமும் அமெரிக்க அளவுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கின்றனவா என்று அளந்து பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பக் கூடாது. உடலில் உள்ள துளைகளின் இடைவெளியைத் தகட்டில் வரைந்து, அந்தத் தகட்டை அங்கே அனுப்பி, அவர்கள் இறக்கையில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இருப்பதிலேயே பெரியது. எல்-16 இறக்கைக்குள் இருப்பதும் மர ஸ்பார்தான், அதுவும் எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய மரம். இந்தக் குடும்பத்து விமானங்களின் மர ஸ்பாரில் நசுங்கல் விரிசல் வருவதையும், அதனால் வானத்திலேயே இறக்கை முறிந்ததையும் பார்த்துவிட்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 1998-இலும் மறுபடி 2000-இலும் கட்டாயப் பரிசோதனைக் கட்டளை போட்டது. அது மாடல் எண் 7-இல் தொடங்கும் சேம்பியன்களோடு 11-இல் தொடங்கும் சீஃப்களையும் சேர்த்துச் சொல்கிறது. தரையில் திரும்பும்போது நுனி இடித்தால், மேல்பக்க இழைகள் நசுங்கி, மரத்தின் இழைக்குக் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு கோடு விழும். அது பெரும்பாலும் ஸ்ட்ரட் பிட்டிங்கை அடுத்து, ஒட்டுப்பலகை முடிகிற விளிம்பில் அல்லது ரிப் ஆணி அடித்த இடத்தில் ஒளிந்திருக்கும். துணிக்கு மேலிருந்து எவ்வளவு தட்டிப் பார்த்தாலும் தெரியாது. பரிசோதனைத் துளை வழியாக வளையும் விளக்கை விட்டு, பல் மருத்துவரின் கண்ணாடி மாதிரி ஒன்றைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற இறக்கைக்கும் இதைச் செய்ய வேண்டும். விரிசல் தென்பட்டால் கப்பல் கூலி, சுங்கம், ஏஜென்ட் செலவு எல்லாம் கொடுத்துவிட்டு அதே ஸ்பாரைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

அப்படியானால் நம்மிடம் உள்ள இறக்கையின் ஸ்பாரையே புதிதாகச் செய்தால் என்ன? இந்த இடத்தில்தான் பேச்சு திரும்பியது.

பழைய இறக்கையை ஆலையின் களத்தில் பிரித்தோம். துணியைக் கீறி உரித்ததும் முதலில் வந்தது வாடை. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் இறக்கைக்குள் கூடு இருக்கும். சாக்கு நார், வைக்கோல், உமி எல்லாம் சேர்த்து வேர்ப்பக்கத்து மூன்று ரிப்களுக்கு நடுவே மெத்தை போட்டிருந்தது. அதை வாரி எடுத்தபின் தெரிந்த அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் தகடு மாவாக உதிர்ந்தது. எலி மூத்திரம் அலுமினியத்தை அப்படித்தான் தின்னும். ஸ்ட்ரட் பிட்டிங்குக்குள் குளவி மண்கூடு. ஆனால் நடுவிலிருந்து நுனி வரை ரிப்கள் பழுதில்லாமல் இருந்தன. எஃகுப் பிட்டிங்குகளில் மேல்துரு மட்டும்; சுத்தம் செய்து விரிசல் சோதனைக்கு அனுப்பத்தக்கவை. பின்பக்க ஸ்பாரின் அடிப்பகுதியில் ஆணியை அழுத்தினால் கத்தரிக்காயில் இறங்குவதுபோல் இறங்கியது. முன் ஸ்பார் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் போல்ட் துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்து உப்பி, சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கி, வருடா வருடம் இப்படி நடந்தால் போல்ட் தளர்ந்து துளை தேயும். ஆக, ஸ்பார் நான்கும் போக வேண்டும், ரிப்களில் சில போக வேண்டும், மற்றவை நிற்கும்.

தேர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை ஆசிரியர் அழைத்து வந்திருந்தார். எழுபது வயது தாண்டியவர். ஸ்பார் துண்டை வாங்கி, வெட்டிய முனையை வெளிச்சத்தில் காட்டிக் கட்டைவிரலால் வளையங்களை எண்ணினார். “இது நம் ஊர் மரம் இல்லையே தம்பி. இவ்வளவு லேசு, ஆனால் இழை நூல் பிடித்தமாதிரி ஓடுகிறது” என்றார். சிட்கா ஸ்ப்ரூஸ் என்று சொன்னேன். “வைரம் பாய்ந்த தேக்கில் செய்து தருகிறேன், உங்கள் பேரன் காலத்துக்கும் இருக்கும்” என்றார். “இருக்கும் ஐயா, ஆனால் தூக்க முடியாது” என்றேன். ஸ்ப்ரூஸ் கன மீட்டருக்கு நானூறு கிலோ அளவில் நிற்கும். தேக்கு அறுநூறைத் தாண்டும். தேக்கில் உள்ள எண்ணெய் பசையைப் பிடிக்கவும் விடாது. சிரித்துவிட்டு, “அப்படியென்றால் மரத்தை நீங்கள் கொடுங்கள், இழைப்பது என் பாடு” என்றார்.

அவர் எண்ணிய வளையங்கள் எஃப்ஏஏயின் ஏசி 43.13-1பி கையேட்டிலும் இருக்கின்றன. ஸ்பாருக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸில் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது ஆறு வளையம் இருக்க வேண்டும். இழை ஓட்டம் பதினைந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. ஸ்ப்ரூஸ் கிடைக்காவிட்டால் அதே அளவில் டக்ளஸ் பர் போடலாம், சற்றுக் கனம் கூடும். நம் பலா, தேக்கு, வாகை எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே மரம் சான்றிதழோடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் ஒரு முழு இறக்கையைக் கப்பலில் கொண்டுவருவதற்கும் நான்கு பலகைகளைக் கொண்டுவருவதற்கும் உள்ள தூரம் பெரிது. பலகைக்கு வரலாறு கிடையாது. எந்தத் தரையிலும் இடித்திராது.

பசையில் கஞ்சத்தனம் கூடாது. பழைய விமானங்களில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை இருக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை அதைத் தின்றுவிடும், டெல்டாவில் அது சாவோலை. ரிசார்சினால் அல்லது விமான வேலைக்கு ஏற்ற எபாக்சி போட வேண்டும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, காய்ந்தபின் உடைத்து, மரம் கிழிகிறதா பசை விடுகிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒட்டு வேலையே வேண்டாம் என்றேன். தை பிறந்து தொடங்கினால் வைகாசிக்குள் மரவேலை முடியும். துணிக்குப் பருத்தி தேடி அலைய வேண்டாம். பழைய கிரேடு ஏ பருத்தி புதிதாக இருக்கும்போது அங்குலத்துக்கு 80 பவுண்ட் தாங்கும், 56-க்குக் கீழே இறங்கினால் உரிக்க வேண்டும். நம் வெயிலில் அது விரைவில் நடக்கும். இன்றைய பாலியஸ்டர் துணி பல மடங்கு காலம் வரும், ஆனால் அதற்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். ரிப்பில் துணியைத் தைப்பது கைவேலை. நீண்ட ஊசி மேலிருந்து கீழே போய், கீழிருந்து மேலே வந்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஒருவர் மேலே, ஒருவர் கீழே உட்கார்ந்து பேச்சில்லாமல் செய்ய வேண்டிய வேலை. மூன்று நண்பர்களில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

உலோக ஸ்பார் போட்ட புது இறக்கை அமெரிக்காவில் கிடைக்கிறதே என்று ஆசிரியர் கேட்டார். சேம்பியன் குடும்பத்துக்கு அப்படி உண்டு. மரத்தின் வம்பே இல்லை. புஷ்பக்குக்கு அதைப் பொருத்துவது எல்-16 இறக்கையின் அத்தனை பொறியியல் கேள்விகளையும் திரும்ப எழுப்பும், விலையோ புத்தம் புதியதற்கு உரிய விலை. பணம் தடையில்லை என்பவர் யோசிக்கலாம். மூவரில் அப்படிப்பட்டவர் இல்லை.

ஒப்புதல் விஷயம். வேறு விமானத்தின் இறக்கையைப் போடுவது அங்கீகரிக்கப்பட்ட வடிவத்தையே மாற்றுவது. நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்கும் வலிமைக் கணக்கையும் சோதனையையும் கொடுக்காமல் நகராது. புஷ்பக்கின் சொந்த இறக்கையைச் சொந்த வரைபடப்படி திரும்பக் கட்டுவது பழுதுபார்ப்பு. உரிமம் பெற்ற பொறியாளர் மேற்பார்வை, பொருள்களின் சான்று, ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து எல்லாம் இதற்கும் வேண்டும். ஆனால் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கிறது. இரண்டு வழிக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், பணத்தைவிடப் பெரியது.

எங்கே பறப்பது என்பதையும் ஆலைக்காரரிடம் கேட்டேன். தஞ்சாவூரில் ஓடுதளம் இருக்கிறது; ஆனால் அது விமானப்படைத் தளம், 2020 முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன் ஒன்று அங்கே இருக்கிறது. 90 குதிரைத்திறனோடு அந்த வரிசையில் நின்று அனுமதி கேட்க முடியாது. திருச்சி சர்வதேச விமான நிலையம். ஆகையால் விமானம் தயாரானாலும் அதன் வீடு டெல்டாவுக்கு வெளியே ஏதாவது ஒரு பறக்கும் கழகமாகத்தான் இருக்கும். அதைக் கேட்டதும் ஆலைக்காரர் கொஞ்சம் வாடினார். இருந்தாலும் கட்டுவது இங்கேயே என்று உறுதியாக இருக்கிறார்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பறக்க வேண்டும் என்றால் சொந்த இறக்கையைப் புது ஸ்பாரோடு திரும்பக் கட்டுங்கள். கிருஷக் இறக்கையைத் தொடாதீர்கள். எல்-16 இறக்கையை இரண்டு சந்தர்ப்பத்தில் மட்டும் யோசிக்கலாம்: நம் ரிப்களும் பிட்டிங்குகளும் சோதனையில் தோற்று, திரும்பக் கட்ட எதுவுமே மிஞ்சாவிட்டால், அல்லது, அங்கேயே நம்பகமான ஒருவர் துணியை உரித்து, ஸ்பாரை முழுநீளமும் படமெடுத்து அனுப்பி, அது பழுதற்றது என்று எழுதிக் கொடுத்தால். துணியோடு இருக்கும் உபரி இறக்கையை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நிற்க மட்டும் என்றால் உடைந்த ரிப்களைச் சாதாரணத் தகட்டில் செய்து, சாதாரண மரத்தில் ஸ்பார் போட்டு, வடிவம் பிசகாமல் கட்டி, ஏலெரானை அசையாமல் பூட்டி, ஸ்பாரின் மீதே ‘பறக்கத் தகுதியற்றது’ என்று சுட்டுப் பொறித்துவிடலாம். ஆசிரியருக்கு இதில் முழு சம்மதம். செலவும் பத்தில் ஒரு பங்கில் முடியும்.

எந்த இறக்கையைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்ட்ரட்டைப் பழையதாக விடாதீர்கள். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் அதுதான். எஃகுக் குழாய், வெளியே பெயின்ட் மின்னும், உள்ளே ஈரம் இறங்கி அடிமுனையில் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். பைப்பர் விமானங்களில் இப்படி ஸ்ட்ரட் அரித்ததால் எஃப்ஏஏ 1993-இல் தனிக் கட்டளையே பிறப்பித்தது. வேதாரண்யத்து உப்புக் காற்று எட்டும் தூரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்ட்ரட்டைக் கழற்றி நிமிர்த்தி ஆட்டிப் பாருங்கள்; உள்ளே துருப்பொடி மணல்போல் சரியும் சத்தம் கேட்டால் அத்தோடு அது இரும்புக் கடைக்கு. புதியது செய்யும்போது உள்ளே சூடான ஆளி விதை எண்ணெயை ஊற்றி எல்லாப் பக்கமும் ஓடவிட்டு வடித்து, இரு முனையையும் காற்றுப் புகாமல் அடைத்துவிட வேண்டும். இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் குழாய் விசாரித்து வையுங்கள் என்று ஆலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்ப்ரூஸ் பலகை வந்து சேர எப்படியும் மாதங்கள் ஆகும்.